குளிராத ஆள் தேவை

என் வீட்டுக்கு இன்னும் உறுதிப் பத்திரம் வரவில்லை. ஆனால் அந்த வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற சட்டத்தரணியின் கடிதம் வந்துவிட்டது. ஒன்று தாமதமானாலும் மற்றது நேரத்துக்கு வருகிறதே என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

வட்டவளைக்கு மேலே, ரயிலில் போகிறவர்களுக்குத் தெரிகிற சரிவில் எங்கள் வீடுகள் இருக்கின்றன. ஆளுக்கு ஏழு பேர்ச் காணி. இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு குசினி. தேயிலைத் தோட்டத்து வரிசைக் காம்பராக்களான லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, அதே லயத்துக்கு மனைவியையும் கூட்டிவந்தவன் நான். புது வீட்டுக்கு வந்த முதல் கிழமை சத்தமாகப் பேசவே பயமாக இருந்தது. லயத்தில் ஒரு காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவிலிருந்து திட்டுவார்கள். இங்கே யாரும் திட்டவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் சங்கம் வந்தது.

வீடுகளைக் கட்டித் தந்தவர்கள் போகும்போது, குடியிருப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு வீட்டுக்காரர் சங்கம் அமைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அமைத்தோம். தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஐயாவைத் தலைவராக்கினோம். எங்கள் எல்லோருடைய பெயரையும் பிழையில்லாமல் எழுதக்கூடியவர் அவர் ஒருவர்தான். துரைமாரின் கீழே வாழ்நாள் முழுவதும் வேலை செய்து கஷ்டப்பட்டவர், அதனால் நம்மிடம் துரையைப் போல நடந்துகொள்ள மாட்டார் என்று நம்பினோம். எங்களுக்கு அனுபவம் போதாது.

ஐயா முதலில் சட்டங்கள் எழுதினார். எல்லா வீட்டுக்கும் ஒரே நிறத்தில் பூச்சு. வாசல் பக்கம் துணி காயப்போடக் கூடாது. பாதையிலிருந்து பார்த்தால் கோழி தெரியக் கூடாது. சங்கத்தின் அனுமதி இல்லாமல் எதையும் கூடுதலாகக் கட்டக் கூடாது, கட்டினால் வீட்டின் உரிமை ரத்து. இதையெல்லாம் எழுதி, கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் சுவரில் ஒட்டினார்கள். அங்கே படுத்துத் தூங்குகிற பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது. எங்களில் பாதிப் பேரும் அப்படித்தான். அதனால் சட்டங்கள் எந்த எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறின.

இனி குசினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை வரைந்தவர் கொழும்பிலிருந்து வரைந்திருக்க வேண்டும். கேஸ் அடுப்பு வைக்க அழகான ஒரு மேடை, முகம் பார்க்கிற அளவுக்கு ஒரு ஜன்னல், அவ்வளவுதான். புகை போக வழி கிடையாது. விறகு வைத்தால் புகை கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, விருந்தாளி மாதிரிப் போக மறுத்துவிடும். வட்டவளையில் வருஷத்தில் எத்தனை மாதம் மழை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மழை இல்லாத மாதத்தை எண்ணச் சொல்லியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

என் மனைவி கொழுந்தெடுக்கிறவள். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு போனாலும் மழை நாளில் கழுத்திலிருந்து கால் வரைக்கும் நனைந்துதான் வருவாள். விரல்கள் விறைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்ற வராது. முழங்கால் இரண்டும் வீங்கிவிடும். அடுப்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் மறுநாள் மலையேறுவாள். கேஸ் அடுப்பில் சோறு ஆக்கலாம். ஒரு மனுஷியைக் காயவைக்க முடியாது.

அதனால் குசினிக்குப் பின்னால் நாலு கம்பு நட்டு, மேலே தகரம் போட்டு, மண் அடுப்பு வைத்தேன். நான் கவ்வாத்து வெட்டுகிற ஆள். வெட்டி விழுந்த தேயிலைக் கிளைகளை, அதுதான் மிலாறு, கட்டிக்கொண்டு வருவேன். நன்றாக எரியும். எங்கள் வரிசையில் ஏறக்குறைய எல்லோரும் இப்படித்தான் ஓர் அடுப்படி போட்டோம். கேஸுக்கு நாடே வரிசையில் நின்ற வருஷத்தில், தலைவர் வீட்டு அம்மாவும் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அடுப்படிக்கு வந்தார். அந்த வருஷம் சங்கத்துக்கு எந்தத் தகரமும் கண்ணில் படவில்லை.

பிறகு ஒரு நாள், கொழும்பிலிருந்து யாரோ பெரியவர்கள் குடியிருப்பைப் படம் பிடிக்க வந்தார்கள். படத்தில் வீடுகளைவிட எங்கள் தகரங்கள் நன்றாக விழுந்துவிட்டன. தலைவருக்கு அவமானமாகப் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவில் கூட்டம் வைத்தார்.

அந்தக் கூட்டத்தில் நாங்கள் செய்ததை நாட்டில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

தோட்டத்தில் காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. எல்லோரும் வந்து நிற்க வேண்டும். பெயர் வாசிப்பார்கள். வாசித்ததும் "இருக்கேங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கு வேலை உண்டு, சம்பளத்துக்குப் பேர் விழும். பெயர் வாசிக்கப்படாதவன் திரும்ப வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பல்லு முளைத்த நாளிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பெயரைக் கூப்பிட்டால் காதுக்கும் வாய்க்கும் நடுவில் மூளை வருவதில்லை.

செயலாளர் எழுந்து ஒரு தாளை எடுத்துப் பெயர்களை வாசித்தார். எதற்கு வாசிக்கிறார் என்று முதலில் சொல்லவில்லை.

"இருக்கேங்க!"

"இருக்கேங்க!"

"இருக்கேங்க!"

என் பெயரும் வந்தது. கூச்சம் பிடித்தவன் என்று ஊரில் பெயரெடுத்த நானும் தெளிவாகச் சொன்னேன். எல்லாம் முடிந்தபோது, பக்கத்து வீட்டு மாமா கோபமாக எழுந்தார். அவர் வீட்டு அடுப்படி வாழை மரத்துக்குப் பின்னால் இருந்ததால் படத்தில் விழவில்லை, தாளிலும் விழவில்லை.

"ஏன், எம் பேரு எங்க? நான் என்ன இந்த சங்கத்துல ஆள் இல்லியா?"

"ஒங்க பேரு இதுல இல்லீங்க," என்றார் செயலாளர்.

"இல்லேன்னா? எல்லாருக்கும் போட்டுட்டு எனக்கு மட்டும் இல்லேன்னா என்னா ஞாயம்? நான் கேக்காம விடமாட்டேன்."

"சேத்துக்கங்க," என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. மாமாவின் பெயரும் சேர்ந்தது. அவர் வெற்றிபெற்றவராக உட்கார்ந்தார்.

அப்புறம்தான் செயலாளர் தலைப்பை வாசித்தார். அனுமதியில்லாத கட்டடம் கட்டியவர்கள். பெயர் வாசிக்கப்பட்ட அனைவரும் எழுந்து நின்று உரத்த குரலில் ஒப்புக்கொண்டார்கள் என்றும், ஓர் உறுப்பினர் தாமாகவே முன்வந்து தம் பெயரைச் சேர்க்கும்படி வற்புறுத்தினார் என்றும் எழுதி, கைதட்டச் சொன்னார்கள். நாங்களும் தட்டினோம். மாமா மட்டும் தட்டவில்லை.

அடுத்த மாதம் சங்கத்தின் லோயரிடமிருந்து கடிதங்கள் வந்தன. எல்லாம் இங்கிலீஷில். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் படித்தபோது ஐந்தாம் வகுப்புக்கு மேல் வகுப்பு கிடையாது, எனக்கும் அதற்கு மேல் படிப்பு கிடையாது. ஹட்டனில் தகரம் வாங்கிய கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்கார முஸ்லிம் நானா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"ஒங்களுக்கு உரித்தான வீடு எண்டு போட்டீக்கி," என்றார்.

நான் கடிதத்தை எட்டிப் பார்த்தேன். "அப்படியா போட்டிருக்கு?"

"ஓ. உரித்தான வீட்ட, ஒரு மாசத்துக்குள்ள தகரத்தக் கழட்டாட்டி, உரிமைய ரத்துப் பண்ணி, வரிசையில ஈக்கிற அடுத்த ஆளுக்குக் குடுப்பாங்களாம். செலவையும் ஒங்ககிட்டயே எடுப்பாங்களாம்."

அது எனக்கு உரித்தான வீடு என்று அதுவரைக்கும் யாரும் எழுதித் தந்ததில்லை. பறிக்க வந்த கடிதம்தான் முதலில் கொடுத்தது. சட்டம் படித்தவர்கள் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்வார்கள். இல்லாத ஒன்றைப் பறிக்க முடியாது என்பதற்காக, முதலில் தந்துவிட்டுப் பறிக்கிறார்கள்.

"கழட்டினா நம்ம கடைக்கே கொண்டாங்க," என்றார் நானா. "பழைய தகரத்துக்கும் ஆள் ஈக்கி."

"யாருங்க வாங்குவாங்க?"

"ஒங்கட தோட்டத்து ஆக்கள்தான். அடுப்படி போட."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்புக்கு முன்னால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தகரத்தக் கழட்டினா வீடு இருக்கும். வச்சிருந்தா போயிரும்," என்றேன்.

"கழட்டினா நான் இருக்கமாட்டேனே. அத அந்தக் காயிதத்துல போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை.

கடைசியில் மாமாதான் யோசனை சொன்னார். தாமாக முன்வந்து மாட்டிக்கொண்டதிலிருந்து அவருக்குச் சட்ட அறிவு வளர்ந்திருந்தது. மாசம் முடிந்ததும் லோயர் வந்து விசாரணை வைக்கப் போகிறார், அன்றைக்குப் பெயர் வாசிப்பார்கள், ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. பெரட்டில் பதில் வராவிட்டால் ஆள் வரவில்லை என்றுதானே அர்த்தம்? வராத ஆளை என்ன விசாரிப்பது?

"எல்லாரும் அங்கதானே மாமா உக்காந்திருப்போம்? கண்ணுக்குத் தெரிய மாட்டோமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரியட்டும் மாப்ள. சத்தம் வந்தாதான் ஆளு. கிளாக்கரு ஐயா என்னைக்காவது மூஞ்சியப் பாத்துப் பேரு போட்டிருக்காரா?"

நான் தலையை ஆட்டிவிட்டேன்.

"ஒன்னப் பத்தித்தான் எங்களுக்குக் கவலயே இல்ல," என்று சேர்த்துக்கொண்டார். "நீ சாதாரணமாவே பேச மாட்ட."

விசாரணை நாளன்று நல்ல மழை. ஹட்டனிலிருந்து வந்த இளம் லோயர், சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. அவருக்குச் சுடச்சுடத் தேத்தண்ணி வந்தது. இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குடித்தார். அது எந்த அடுப்படியில் காய்ச்சியது என்பதை அவர் விசாரிக்கவில்லை.

செயலாளர் வாசிக்கத் தொடங்கினார். முதல் பெயர். மௌனம். இரண்டாவது பெயர். மௌனம். மாமாவின் பெயர் வந்தபோது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லோயர் ஒவ்வொருவராகப் பார்த்தார். தலைவரின் முகம் சிவந்துகொண்டே வந்தது. எனக்குள்ளே சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் நன்றாகச் செய்யக்கூடிய ஒரு காரியத்தை எல்லோரும் செய்துகொண்டிருந்தார்கள்.

என் பெயரை வாசித்தார்.

"இருக்கேங்க."

யாரோ சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தபோது தெரிந்தது.

"அட பாவி," என்றார் மாமா, கூரையைப் பார்த்தபடியே.

லோயர் ஆள் கிடைத்த நிம்மதியோடு பேனாவைத் திறந்தார். மற்றவர்கள் சமூகமளிக்காததால் அவர்களுடைய விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. சமூகமளித்த ஒரே உறுப்பினரான என்மேல் நடவடிக்கை எடுக்கத் தீர்மானமாயிற்று. வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "பேரக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொல்லவா, இல்ல சும்மாவே சாப்பிடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

வீடு கிடைக்காமல் லயத்திலேயே இருக்கிறவர்களின் பெயர் வரிசை தலைவரிடம் இருந்தது. அதில் முதலாவதாக இருந்தவர்கள் ஒரு புருஷனும் பெண்சாதியும், மூன்று பிள்ளைகளும். அவர்களுடைய காம்பராவின் கூரை ஓட்டை. மழை பெய்தால் சட்டி பானைகளைச் சோறாக்கவும் முடியாமல், ஒழுக்குக்குக் கீழேதான் வைத்திருப்பார்கள். அவர்களை என் வீட்டைப் பார்த்துவிட்டு வரும்படி தலைவர் அனுப்பினார்.

ஒரு சாயங்காலம் புருஷனும் பெண்சாதியும் நனைந்துகொண்டே வந்தார்கள். அந்த மனிதர் வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்க்காமல், "நாங்களா கேக்கலீங்க, ஐயாதான் போயிப் பாருங்கன்னாரு," என்றார். நான் என் வீட்டிலேயே எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றேன். இரண்டு பேரும் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் மனைவிக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. "வாங்க மதினி, ஒங்க வீட்ட வந்து பாருங்க," என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அறைகளைத் திறந்து காட்டினாள். "இந்த ரூம்ல பிள்ளைகளப் போட்டுக்கலாம். இந்த ஜன்னல் சரியா சாத்தாது, துணி வச்சு அடைக்கணும். கொழும்புக்காரங்க வந்தா இங்கன நின்னுதான் படம் புடிப்பாங்க, தலய வாரிக்கிட்டு நில்லுங்க."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்த சுவர். கூரையை அண்ணாந்து பார்த்தாள், வெகுநேரம். அவள் கண் கலங்கியதை நானும் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் கொடுத்துவிடலாமோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. மனைவியின் முழங்கால் உடனே ஞாபகம் வந்தது.

குசினிக்கு வந்ததும் அந்தப் பெண் கேட்டாள், "அடுப்பு எங்க மதினி?"

மனைவி பின்கதவைத் திறந்து காட்டினாள். மிலாறு எரிந்துகொண்டிருந்தது. நான்கு பேரும் போய் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். அந்தப் பெண் சேலைத் தலைப்பைப் பிழிந்து நெருப்புக்கு நேரே பிடித்தாள்.

"இது மட்டும் வராது," என்றாள் மனைவி. "இதப் பிடுங்கிட்டுத்தான் ஒங்களுக்குக் குடுப்பாங்க. இது இருக்கிறதாலதானே எங்களப் பிடுங்குறாங்க."

"அப்ப மலையில இருந்து வந்தா எங்க குளிர் காயுறது?"

"அந்த மேடையில கேஸ் வச்சுக்கலாம்."

"கேஸுல எப்பிடிக் குளிர் காயுறது?"

"அத நீங்க சங்கத்துலதான் கேக்கணும்."

அவர்கள் போய்க் கேட்டார்கள். வீடு வேண்டும், ஆனால் அடுப்படியும் வேண்டும் என்று தலைவரிடம் சொன்னார்கள். அடுப்படிக்காக ஒரு வீட்டைப் பறித்து, அடுப்படியோடு இன்னொருவருக்குக் கொடுப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை என்றார் தலைவர். அப்படியானால் வேண்டாம், லயத்தில் கூரைதான் ஒழுகுகிறது, அடுப்பு இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். வரிசையில் அடுத்திருந்தவர்களும் வந்து பார்த்தார்கள். அதற்கடுத்தவர்களும் வந்தார்கள். எல்லோரும் குசினிவரை சந்தோஷமாக வந்து, பின்கதவைத் திறந்ததும் நெருப்பைப் பார்த்து யோசித்தார்கள். எங்கள் வீட்டில் தேயிலைத்தூள் முடிந்ததுதான் மிச்சம்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்தார். தகுந்த ஆள் கிடைக்கும்வரை என் வீட்டின் மேல் எடுத்த நடவடிக்கை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று அறிவித்தார். அதாவது, வட்டவளையில் குளிராத ஓர் ஆளைச் சங்கம் கண்டுபிடிக்கும்வரை வீடு என்னுடையது. மாமா என் தொடையில் கிள்ளினார். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். அத்தோடு கூட்டம் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னொரு விஷயம்," என்றார் தலைவர். "குடுத்த வீட்ட வேணாம்னு சொன்னவங்க பேரு இனி வரிசையில இருக்காது. சங்கத்த அவமதிச்சவங்களுக்குச் சங்கம் வீடு குடுக்காது. வெட்டியாச்சு."

பெயரை வெட்டியாச்சு என்றால் என்னவென்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். லயத்திலிருக்கிறவர்களைக் கூட்டத்துக்கு விடுவதில்லை. அதனால் கேட்பதற்கு அந்தப் பெண்ணும் அங்கே இல்லை. அவள் அண்ணாந்து பார்த்த எங்கள் கூரைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பேசாமல் இருந்தால் வீடு தங்கும். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான வேலையும் இல்லை. என் பெயரை யாரும் கூப்பிடவும் இல்லை. இருந்தும் எழுந்துவிட்டேன்.

"ஐயா, அவங்க பேர வெட்டாதீங்க."

தலைவர் எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது என்று தேடினார். "யாரு அது?"

"நாந்தாங்க."

"ஒங்க வீட்டு விஷயமே தொங்கிக்கிட்டு கெடக்கு. ஒங்களுக்கு எதுக்கு அடுத்தவங்க பேச்சு?"

"அவங்க வீட்ட வேணாங்கலீங்க. அடுப்பு கேட்டாங்க. அதுக்குப் பேர வெட்டினா, இங்கன இருக்கிற எல்லாரு பேரயும் வெட்டணும்."

பிறகு மாமா எழுந்தார். "மாப்ள சொல்றது ஞாயந்தானுங்களே," என்றார். பின்னாலிருந்து என் மனைவியும் மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக, "ஞாயந்தான், ஞாயந்தான்" என்றார்கள். ஒத்திவைக்கப்பட்ட ஆட்கள் எல்லோருக்கும் ஒரேயடியாகச் சத்தம் வந்துவிட்டது.

தலைவர் செயலாளரைப் பார்த்து, அந்தக் குடும்பங்களின் பெயர்களை மறுபடி எழுதச் சொன்னார், வரிசையின் கடைசியில். முதலாவதாக இருந்தவர்கள் கடைசிக்குப் போனார்கள். சங்கம் விட்டுக்கொடுத்தால் அவ்வளவுதான் விட்டுக்கொடுக்கும். எழுதி முடித்ததும், "இவரு வீட்டு ஃபைலத் திரும்ப லோயருக்கே அனுப்புங்க, வழக்குப் போடச் சொல்லுங்க," என்றார். அதையும் செயலாளர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி முன்னால் நடந்தாள். படிக்கட்டில் முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். நான் பின்னால் நடந்தேன். வீட்டுக்கு நேரே வந்ததும் நின்று, பின்பக்கம் தெரிந்த அடுப்படியைப் பார்த்தாள்.

"தகரத்துல ரெண்டு எடத்துல ஓட்ட விழுந்திருச்சு," என்றாள். "நாளைக்கு ஹட்டனுக்குப் போயி நானா கடையில புதுசு வாங்கிட்டு வாங்க."

"வழக்குப் போடப் போறாங்கன்னு இப்பத்தானே சொன்னாங்க."

"அதுக்குத்தான் சொல்றேன். ஒழுகுற அடுப்படி மேல வழக்குப் போட்டா, நமக்குத்தானே வெக்கம்."